இணைக்குரலில் மறைந்த தனிக்குரல்
சூலமங்கலம் ராஜலட்சுமியை யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டல்

சூலமங்கலம் சகோதரிகள் என்ற பெயரைக் கேட்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்த எவருக்கும் முதலில் நினைவில் வருவது கந்த சஷ்டி கவசம். அவர் நல்லூரில் பிறந்தவராக இருக்கலாம், சோனகத் தெருவில் பிறந்தவராக இருக்கலாம். இதில் வேறுபாடு இல்லை. ஆனால் அந்த இசைத்தட்டில் பாடும் இருவரில் மூத்தவர் ஜெயலட்சுமியின் குரல் எது, இளையவர் ராஜலட்சுமியின் குரல் எது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலானோர் திகைத்துப் போவோம். ஆயிரம் தடவை கேட்ட குரல் அது. இருந்தும் அடையாளம் காட்ட முடியவில்லை. இந்தத் திகைப்பிலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது.

முஸ்லிம் எழுத்தாளர்களின் சஞ்சிகை ஒன்றில் முருக பக்திப் பாடகி ஒருவரைப் பற்றி எழுதுவதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமது முன்னோருக்கு இது தேவைப்பட்டிருக்காது. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது திருப்புகழ் பாடியபோது அருணகிரிநாதரின் சந்தத்தையே எடுத்தாண்டார். யாழ்ப்பாணத்து அசனாலெப்பைப் புலவர் நவரத்தினத் திருப்புகழ் செய்தார். சந்தம் முருகனுக்கு மட்டும் உரியது என்று அவர்கள் கருதவில்லை. அதை எடுத்தாள்வதால் ஈமானுக்குப் பங்கம் வரும் என்றும் அஞ்சவில்லை. இசை ஆகுமா ஆகாதா என்ற மார்க்க விவாதத்துள் நான் இங்கு புகவில்லை. அது ஆலிம்களின் துறை. காதில் விழுந்ததை விழவில்லை என்று சாதிக்காமல் இருப்பது மட்டுமே விமர்சகனின் கடமை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் காதில் இந்தக் குரல் விழுந்தது; நீண்ட காலம் விழுந்துகொண்டே இருந்தது.

1

தஞ்சை மாவட்டத்துச் சூலமங்கலம் கலைக்குப் பேர்போன ஊர். மெலட்டூர், ஊத்துக்காடு, சாலியமங்கலம் ஆகியவற்றுடன் பாகவத மேளா நடைபெற்ற ஊர்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. பாகவத மேளா ஆண்களின் அரங்கு. மரபுப்படி பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்று ஆடுவர். அத்தகைய ஊரின் பெயரை இரண்டு பெண்கள் தமது பெயரின் முன்னால் வைத்துக்கொண்டு தமிழ் வழங்கும் நாடெங்கும் கொண்டு சென்றார்கள் என்பது சற்று நின்று யோசிக்க வேண்டிய விடயம்.

ராஜலட்சுமி 1940இல் பிறந்தவர். கே.ஜி. மூர்த்தி, பத்தமடை எஸ். கிருஷ்ணன், மாயவரம் வேணுகோபாலய்யர் ஆகியோரிடம் சகோதரிகள் கர்நாடக இசை பயின்றனர். பெண்கள் இருவர் சேர்ந்து கச்சேரி செய்யும் முறையைத் தமிழ் மேடைகளில் நிலைபெறச் செய்தவர்களுள் இவர்களும், இவர்கள் காலத்தில் பாடிய ராதா - ஜெயலட்சுமி இருவரும் முக்கியமானவர்கள். பின்னர் வந்த பம்பாய் சகோதரிகள் முதலியோர் இவர்கள் போட்ட பாதையில் நடந்தவர்களே.

இந்த இரட்டையர் முறை இசையின் தேவையால் மட்டும் உருவாகியது எனக் கருத முடியாது. மரியாதையான குடும்பம் என்று சொல்லப்படுவதிலிருந்து வரும் ஒரு பெண் தனியாக மேடையில் அமர்ந்து பாடுவதைவிட, அக்காவின் பக்கத்தில் தங்கையாக அமர்ந்து பாடுவது சமூகத்தின் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கவில்லை. ஒருவருக்கு மற்றவர் துணை. துணை என்பதே திரையுமாகும். பெண்ணின் குரல் வெளியே கேட்கலாமா என்ற கேள்வி நமது சமூகத்தில் மட்டுமே எழுந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எல்லாச் சமூகங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டன. ஒவ்வொரு சமூகமும் தனக்கேற்ற திரையைக் கண்டுபிடித்தது. 'சகோதரிகள்' என்ற சொல் அப்படியான ஒரு திரை.

2

இணைந்து பாடுவதில் பல வகை உண்டு. நமது வாசகர்கள் அறிந்த உதாரணம் ஒன்றைச் சொல்வது பொருத்தம். கராச்சியின் சாப்ரி சகோதரர்கள் கவ்வாலி பாடும்போது குலாம் ஃபரீத் சாப்ரியின் கனத்த குரலையும் தம்பி மக்பூல் சாப்ரியின் மெல்லிய உயர்ந்த குரலையும் எந்தக் காதும் பிரித்தறியும். ஒருவர் அடியை எடுப்பார், மற்றவர் அதைப் பறித்துக்கொண்டு மேலே போவார். மூத்தவர் இடைமறித்து இறைநாமத்தை முழங்குவார். அண்ணன் தம்பிக்கிடையிலான அன்பும் போட்டியும் அந்தப் பாட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கும்.

சூலமங்கலம் சகோதரிகளின் முறை இதற்கு நேர்மாறானது. கவசத்தில் இருவரும் ஒரே சுருதியில், ஒரே ஸ்தாயியில், ஒரே அழுத்தத்தில் பாடுகிறார்கள். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தை மற்றவர் மூடிவிடுகிறார். கேட்பவருக்கு எங்கும் இடைவெளி தெரிவதில்லை. இரண்டு பேர் பாடுகிறார்கள் என்பதே குரல் சற்றுத் தடிப்பாக இருப்பதிலிருந்துதான் தெரிய வருகிறது. இதற்குத் தேவையான பயிற்சி சாதாரணமானதன்று. தனக்கென்று அமைந்த சிறு நெளிவுகளை, தனக்குப் பிடித்த இழுப்புகளை, தன் குரலின் மினுக்கத்தை ஒவ்வொரு கணமும் வெட்டியெறிய வேண்டும். ராஜலட்சுமி சிறு வயதிலிருந்தே தன் குரலைத் தானே மறைக்கும் கலையைக் கற்றார் என்று சொன்னால் மிகையாகாது.

இந்த மறைவு கவசத்துக்குப் பொருந்தியது. தேவராய சுவாமிகள் இயற்றிய கவசம் அடிப்படையில் ஒரு பாதுகாப்பு வேண்டல். உடலின் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லிக் காக்கும்படி கேட்கிறது. பின்னர் பேய், பில்லி சூனியம், கொடிய விலங்கு, நஞ்சு, நோய் என்று அச்சங்களைப் பட்டியலிட்டு அவை ஓட வேண்டும் என்கிறது. நாடகப் பாங்கில் பாடியிருந்தால் இது கேட்பவரைப் பயமுறுத்தும் பாட்டாகியிருக்கும். சகோதரிகள் ராகங்களை மாற்றிச் செல்கிறார்களே தவிர குரலின் சமநிலையை மாற்றவில்லை. நோயையும் பேயையும் பற்றிச் சொல்லும்போதும் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு பேசும் தாயின் குரல்தான். அச்சத்தைப் பெயர் சொல்லி அழைத்து அதன் பல்லைப் பிடுங்குகிற உத்தி அது. இசை தெரியாதவரும் கூடவே சொல்லிக்கொண்டு போகலாம். பாட்டு அவரை விலக்கி வைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு முஸ்லிம் காதுக்கு அந்நியம் தெரியாததில் வியப்பில்லை. முன்னாலும் பின்னாலும் வலத்திலும் இடத்திலும் மேலிருந்தும் கீழிருந்தும் காக்கும்படி அல்லாஹ்விடம் கேட்கும் துஆவை நாம் காலையும் மாலையும் ஓதுகிறோம். கேட்கப்படுபவன் வேறு, அதில் சமரசம் இல்லை. ஆனால் விடியற்காலையில் பலவீனமான மனிதன் கையேந்தி நிற்கும் நிலை ஒன்றேதான். நமது முனாஜாத்துகளின் தொனியும் இதுதான்.

எனினும் விமர்சனம் என்ற வகையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கவசத்தின் வெற்றி சகோதரிகளை ஒரே அச்சில் வார்த்துவிட்டது. அதன் பின் இசைத்தட்டு வணிகமும், 1980களில் கசற் வணிகமும் அவர்களிடம் திரும்பத் திரும்ப அதே வார்ப்பையே கேட்டன. கச்சேரி மேடையில் ராகத்தை விரித்துப் பாடும் ஆற்றல் பெற்ற இருவர், ஒலிபெருக்கிக்கு ஏற்ற நேர்கோட்டுப் பாடலின் அடையாளமாகச் சுருங்கிப் போனார்கள். அவர்களுடைய பக்திப் பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்போது அலுப்புத் தட்டுவதை மறுப்பதற்கில்லை. கவசத்தில் கலையாக இருந்த சமநிலை பிற்காலப் பதிவுகள் சிலவற்றில் வெறும் பழக்கமாகத் தேய்ந்துவிடுகிறது.

3

ராஜலட்சுமியின் தனிக்குரலைத் தேடுபவர் திரைப்படத்துக்குப் போக வேண்டும். திரையில் அவர் அக்கா இல்லாமலும் பாடினார்.

1967இல் வெளிவந்த, ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'கந்தன் கருணை' படத்தில் பூவை செங்குட்டுவன் எழுதிய திருப்பரங்குன்றப் பாடலை ராஜலட்சுமி பி. சுசீலாவுடன் சேர்ந்து பாடுகிறார். படத்தின் இசைக்காகக் கே.வி. மகாதேவனுக்குத் தேசிய விருது கிடைத்தது. இந்தப் பாடலை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் எதற்காகக் கேட்க வேண்டும் என்பது வேறு. சுசீலாவின் குரல் திரைக்காகவே பிறந்தது. ஒலிவாங்கியின் அருகில் நின்று ஒவ்வொரு சொல்லிலும் தேன் தடவுவது. அதன் பக்கத்தில் ராஜலட்சுமியின் குரல் சற்று விறைப்பானது; மேடையிலிருந்து தூரத்தில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய குரல். சொல்லின் முதல் எழுத்தை அவர் அழுத்திப் பிடிப்பதும், இழுப்பின் முடிவில் அசைவைக் குறைத்து நேராக நிறுத்துவதும் இங்கு தெளிவாகக் கேட்கின்றன. அக்காவுடன் பாடும்போது கேட்காத இந்தக் குணங்கள், அயலார் ஒருவருடன் பாடும்போது வெளிப்படுகின்றன. ஒருவரின் தனித்தன்மையை அறிய அவரை உறவினருக்குப் பக்கத்திலல்ல, அயலாருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

1972இல் சின்னப்பா தேவரின் 'தெய்வம்' வந்தது. குன்னக்குடி வைத்தியநாதன் இசை. முருகன் தலங்களைப் பற்றிய பாடல்களைப் பாடிய மதுரை சோமு, பெங்களூர் ரமணியம்மாள், பித்துக்குளி முருகதாஸ் போன்றோர் திரையிலும் தோன்றிப் பாடினார்கள். சூலமங்கலம் சகோதரிகளும் அவ்வாறே தோன்றினார்கள். சோமுவின் பாடல் சோமுவினுடையது, ரமணியம்மாளின் பாடல் அவருடையது என்று எவரும் சொல்லிவிடலாம். சகோதரிகளின் பாடல் மட்டும் 'சகோதரிகளின்' பாடல். முகத்தைக் காட்டியும் பெயர் பிரியவில்லை.

இந்த இரண்டு படங்களுக்கும் இடையில் வந்த ஒன்றுதான் ராஜலட்சுமியின் வாழ்க்கையில் மிகவும் கவனிப்புக்குரியது. 1970இல் வெளிவந்த 'தரிசனம்' படத்துக்கு இசையமைத்தவர் அவர். தமிழ்த் திரையில் பெண் இசையமைப்பாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலருள் கவசம் பாடிய இவரும் ஒருவர் என்பது பலருக்குச் செய்தி. அந்தப் படத்தில் டி.எம். சௌந்தரராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும் பாடிய 'மாலை நேரத்து மயக்கம்' பாடலை இலங்கை வானொலி நேயர்கள் நன்கறிவார்கள். பெண் இன்பத்துக்கு அழைக்கிறாள். ஆண் உடலின் நிலையாமையைச் சொல்லி விலகுகிறான். இருவரும் ஒருவரையொருவர் வெல்லப் பார்க்கிறார்கள். பாட்டின் இறுதிவரை உடன்பாடு இல்லை.

இசையமைப்பை மட்டும் எடுத்துக் கேளுங்கள். ஈஸ்வரிக்கு நெளிவும் குழைவும், சௌந்தரராஜனுக்கு உறுதியும் நிமிர்வும். இரண்டு குரலும் ஒரு கணம்கூட ஒன்றன்மேல் ஒன்று படிந்து மறைவதில்லை. ஒவ்வொன்றும் தன் நியாயத்தைத் தன் தொனியில் சொல்கிறது. துறவின் பக்கமே இசையமைப்பாளரின் பக்கம் என்று முடிவு கட்டவும் முடியாதபடி ஆசையின் குரலுக்கும் முழு அழகும் கொடுக்கப்பட்டிருக்கிறது. வாழ்நாளெல்லாம் இரண்டு குரலை ஒரு குரலாக்கிப் பாடிய பெண், தான் பாடாமல் பிறரைப் பாட வைத்தபோது இரண்டு குரலையும் எதிரெதிரே நிறுத்தி வாதாட விட்டார். இது தற்செயலாக நேர்ந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. மேடையில் கிடைக்காத இடத்தை அவர் மெட்டில் எடுத்துக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது.

ராஜலட்சுமியின் சாதனையைத் தேர்ந்து ஒன்றைச் சொல் என்றால் நான் கவசத்தைச் சொல்ல மாட்டேன். இந்த மெட்டையே சொல்வேன். கவசம் இருவரின் சாதனை. இது அவர் ஒருவரின் சாதனை. ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலாவதுதான் சொல்லப்படுகிறது. இரண்டாவது ஒரு வரியில் கடந்துவிடுகிறது.

4

இந்தக் குரல் யாழ்ப்பாணத்துக்கு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று வானொலி. எஸ்.பி. மயில்வாகனத்தின் காலத்திலிருந்து பி.எச். அப்துல் ஹமீதின் காலம் வரை, இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு பாட்டை மட்டும் தரவில்லை. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்ற பெயர்களையும் தந்தது. அந்த அறிவிப்பாளர்களால்தான் 'தரிசனம்' படத்துக்கு இசையமைத்தவர் ஒரு பெண் என்று நம்மில் சிலரேனும் அறிந்தோம். மயில்வாகனம் தமிழர், ஹமீத் முஸ்லிம் என்ற கணக்கு அன்று எவருக்கும் தோன்றவில்லை. இருவரும் தமிழைச் சரியாக உச்சரித்தார்கள் என்பதே கணக்கு.

மற்ற வழி கோயில் ஒலிபெருக்கி. கந்தனின் கோயில்கள் நிறைந்த குடாநாடு அது. நல்லூர், மாவிட்டபுரம், செல்வச்சந்நிதி என்று பெரியவை. ஒழுங்கைக்கு ஒழுங்கை சிறியவை. சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார் கூட்டம் போய்ச் சேரும் இடத்தில் பள்ளிவாசலும் கிதிர் நபியின் பெயரால் வழங்கும் தலமும் முருகனின் வளாகத்திலேயே இருக்கின்றன என்பதும் நினைவில் இருக்க வேண்டும். சோனகத் தெருவில் சுபஹுத் தொழுகை முடிந்து வாப்பாமார் தேநீர்க் கடைக்குத் திரும்பும்போது வண்ணார்பண்ணைப் பக்கமிருந்து கவசம் கேட்கும். எங்கள் வீட்டில் அது நேரம் பார்க்கும் கருவியாகவும் இருந்தது. இன்ன இடம் வந்துவிட்டது, இன்னும் அடுப்பு மூட்டவில்லையா என்று மூத்தம்மா கேட்பா. அந்தப் பாட்டின் பொருளை அவ நம்பவில்லை. அதன் நீளத்தை நம்பினா.

இதை மத நல்லிணக்கத்தின் அழகிய சித்திரமாக வரைந்து மாட்டிவிட நான் விரும்பவில்லை. ஒலிபெருக்கி நடுநிலையான கருவியன்று. எந்தச் சத்தம் ஊரின் பொதுச் சத்தம், எது ஒரு தெருவின் சத்தம் என்பதை எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. எங்கள் பள்ளிவாசலின் பாங்கு எங்கள் தெருவில் கேட்டது. கவசம் ஊரெங்கும் கேட்டது. பாங்கைக் கேட்டு நேரம் சொன்ன அயல் வீடுகளும் இருந்தன; மறுக்கவில்லை. ஆயினும் எது எதற்குள் அடங்கியது என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. அன்று அந்தக் கேள்வி எங்களுக்கு உறைக்கவில்லை. ஒத்துப் பாடுகிறோம் என்ற நினைப்பிலேயே இருந்தோம்.

வீட்டுக்குள் எங்களுக்கென்று வேறொரு சகோதரிகள் பாட்டும் இருந்தது. வெள்ளி இரவுகளில் மஃரிபுக்குப் பின் உம்மாவும் சாச்சியும் பாயில் அமர்ந்து முனாஜாத்துப் படிப்பார்கள். உம்மா அடியை எடுப்பா, சாச்சி சேர்ந்துகொள்வா. இரண்டு குரலும் ஒன்றாகி அறையை நிரப்பும். உம்மாவின் குரல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாச்சியின் குரலைத் தனியாக நினைவுபடுத்த முயன்றால் வருவதில்லை. அவ தனியாகப் பாடி நான் கேட்டதில்லை. அவர்களின் பாட்டை எவரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. சூலமங்கலம் ராஜலட்சுமிக்கு ஒரு 'தரிசனம்' வாய்த்தது. சாச்சிக்கு அதுவும் வாய்க்கவில்லை.

5

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர். பெரும்பாலானோர் புத்தளத்து அகதி முகாம்களைச் சென்றடைந்தார்கள். ஐப்பசி மாதம் அது. அவ்வாண்டின் கந்த சஷ்டி முடிந்து ஏறத்தாழ ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. காப்பாற்றும்படி எல்லோரும் கேட்டு முடித்த வாரம்.

இந்த இடத்தில் இசைப் பேச்சு அரசியலாக மாறுவதைத் தவிர்க்க இயலாது. 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடரைத் தமிழரசுக் கட்சி 1949இலிருந்து வளர்த்தெடுத்தது. மொழியால் ஒன்றுபட்ட இரு சமூகங்களை ஒரு குரலாக ஒலிக்கச் செய்வது அதன் நோக்கம். அந்த நோக்கம் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். அதில் உண்மையாக நம்பிக்கை வைத்த முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள். ஆனால் அந்த இணைக்குரல் சூலமங்கலத்து இணைக்குரலைப் போன்றது. அடியை மூத்தவர் எடுப்பார். இளையவர் மூச்சு வாங்கும் இடத்தை மூத்தவரின் குரல் மூடிவிடும். இளையவர் தன் நெளிவுகளை வெட்டியெறிந்துவிட்டே சேர்ந்துகொள்ள வேண்டும். வெளியே கேட்பவருக்கு ஒரு குரலே கேட்கும். இளையவர் பாடுவதை நிறுத்தினாலும், நிறுத்தப்பட்டாலும், குரல் கொஞ்சம் மெலிந்திருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் நடந்தது. ஊர் தொடர்ந்து பாடியது. பல பத்திரிகைகளும் பல கவிஞர்களும் மௌனமாக இருந்தார்கள். குரல் எழுப்பிய தமிழ் எழுத்தாளர் சிலர் இருந்ததை நன்றியோடு பதிவு செய்ய வேண்டும். ஆனால் பாட்டில் ஒரு குரல் இல்லை என்பதைப் பெரும்பாலான காதுகள் உணர நீண்ட காலம் பிடித்தது. காரணம் வெறுப்பு மட்டுமன்று. இரண்டாவது குரலைத் தனியாகக் கேட்டுப் பழகாததும் ஒரு காரணம்.

சகோதரிகளை இந்த உவமைக்குள் இழுப்பது அவர்களுக்கு அநீதியாகாதா என்று கேட்கலாம். ஆகும், ஓரளவுக்கு. ஜெயலட்சுமி தங்கையை ஒடுக்கினார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எந்த நியாயமும் இல்லை. இருவரும் விரும்பி ஏற்ற கலை அது. இருவருமே சமமாகத் தம்மை மறைத்துக்கொண்டார்கள். அரசியலில் மறைந்தது ஒரு பக்கம் மட்டுமே. உவமை இந்த இடத்தில் முறிந்துவிடுகிறது, முறிவதும் நல்லதே. விரும்பி ஒன்றாவதற்கும் ஒன்றாக்கப்படுவதற்கும் உள்ள தூரத்தை அந்த முறிவு காட்டுகிறது.

6

ராஜலட்சுமி 1992 மார்ச் மாதம் காலமானார். வயது 51. எங்களில் பலர் அந்தச் செய்தியைப் புத்தளத்தில், ஓலைக் கொட்டில்களுக்குள் இருந்த வானொலிப் பெட்டிகளில் கேட்டோ, பழைய பத்திரிகைத் தாளில் படித்தோ அறிந்தோம். கொட்டிலில் கவசம் கேட்கவில்லை. முகாமில் பாங்கு மட்டுமே இருந்தது. நாங்கள் மட்டுமே இருந்தோம். எங்கள் சத்தம் மட்டும் ஒலிக்கும் ஓர் இடம் கிடைத்தும் அது நிறைவைத் தரவில்லை என்பதை அன்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. இன்று வெட்கமில்லை. அயலின் சத்தம் இல்லாத விடியலில் நமது சத்தமும் பாதியாகத்தான் கேட்கிறது.

அக்கா ஜெயலட்சுமி தங்கைக்குப் பின் 25 ஆண்டுகள் வாழ்ந்து 2017இல் காலமானார். அவர் உயிரோடு இருக்கும்போதே கோயில்களில் இருவரும் தினமும் பாடிக்கொண்டிருந்தார்கள். இசைத்தட்டில் எவரும் இறப்பதில்லை. தங்கையின் குரல் அடங்கிய பாட்டைத் தெருவில் கேட்கும்போதெல்லாம், அதில் தங்கை எது தான் எது என்று தெரிந்த மிகச் சிலருள் ஒருவராக அவர் இருந்திருப்பார். சாச்சியின் குரலை அறிந்த கடைசி ஆளாக உம்மா இருந்ததைப் போல.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்போது சிலரும், 2009இல் போர் முடிந்த பின்னர் மேலும் சிலரும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார்கள். வீடுகளின் கூரைகளும் கதவுகளும் போயிருந்தன. சுவர்களில் மரம் முளைத்திருந்தது. திரும்பிய சில நாட்களில் ஒரு காலை சுபஹு முடிந்து வெளியே வந்தபோது வண்ணார்பண்ணைப் பக்கமிருந்து கவசம் கேட்டது. அதே பதிவு, அதே வேகம். பக்கத்தில் நின்ற, புத்தளத்தில் பிறந்து வளர்ந்த இளைஞன் அது யார் பாடுவது என்று கேட்டான். சூலமங்கலம் சகோதரிகள் என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டேன். இரண்டு பேர் பாடுகிறார்கள், ஒருவர் ஜெயலட்சுமி, மற்றவர் ராஜலட்சுமி, நன்றாகக் கேட்டுப் பார் என்றேன்.

விமர்சனம் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஒன்றாக ஒலிப்பதைக் கலைக்க வேண்டியதில்லை. அந்த ஒத்திசைவு அழகானது, அதை உண்டாக்கியவர்கள் பெரும் கலைஞர்கள். ஆனால் அதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் தனியாக எதையாவது செய்திருந்தால் அதைத் தேடிக் கேட்டு, அவருடைய பெயரிலேயே சொல்ல வேண்டும். ராஜலட்சுமியைப் பொறுத்தவரை அது 'தரிசனம்'. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் பொறுத்தவரை அதை எழுத வேண்டியவர்கள் நாம். அசனாலெப்பைப் புலவருக்குப் பின் நம்முடைய தெருவில் யார் பாடினார்கள், எங்கள் வீட்டுப் பாய்களில் எந்த முனாஜாத்துகள் படிக்கப்பட்டன, எந்த மெட்டில் என்பதைத் திரட்டி எழுதும் வேலை நமக்காகக் காத்திருக்கிறது. சோனகத் தெருவின் முனாஜாத்துகளை மனத்தில் வைத்திருக்கும் உம்மாமார் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். ஒலிப்பதிவு செய்வதற்கு இப்போது இசைத்தட்டுக் கம்பனி தேவையில்லை. சட்டைப் பையில் இருக்கும் தொலைபேசியே போதும். பதிவு செய்யப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அக்காவும் தங்கையும் சேர்ந்து பாடினால் முழுவதையும் பதியுங்கள். பிறகு தங்கையைத் தனியாகவும் ஒரு முறை பாடச் சொல்லுங்கள்.